காயாத நீலம்

ஜனவரி 6, ஞாயிறு

இன்று காலை ஒன்பது மணிக்கு என் பட்டறை திறக்கப்பட்டது. திறந்து வைத்தது நான். விழாவுக்கு வந்திருந்ததும் நான்தான். பம்ப் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன், அறுபத்தாறு வயதில் முதல்முறையாக நானே ஒரு பொருளைச் செய்யப்போகிறேன்.

பட்டறை என்பது கார் ஷெட்தான். காரைப் போன ஐப்பசியில் கொடுத்துவிட்டேன். எங்கள் கேட் மிகவும் குறுகலானது. இருபது வருடம் எப்படியோ சமாளித்தேன். போன வருடம் மட்டும் மூன்று முறை உரசியது. குறுகலான கேட்டோடு மல்லுக்கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல என்று முடிவெடுத்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு மேஜை, இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு பழைய டிரில்லிங் மெஷின்.

செய்ய வேண்டிய பொருள்: கைப்பிடிக் கம்பி. என் மனைவி வசந்தாமணிக்குப் போன மாதம் முட்டி மாற்று அறுவை நடந்தது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் காரிடாரில் பிடித்து நடக்க ஒரு கம்பி வைக்கச் சொன்னார் எலும்பு டாக்டர். கடையில் விற்பதைப் போய்ப் பார்த்தேன். அதன் தகட்டில் துளைகள் மையத்திலேயே இல்லை. அதை வாங்கி என் வீட்டுச் சுவரில் மாட்டினால் நான் தினமும் அதைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கம்பியைச் சுவரில் பிணைக்க ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் மூன்று சதுரங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு துளை. ஆக மொத்தம் பன்னிரண்டு துளை. துளைக்கு முன் கோடு, கோட்டுக்கு முன் பூச்சு. வெறும் இரும்பின் மேல் ஊசியால் கோடு கிழித்தால் கண்ணுக்குத் தெரியாது. மேலே ஏதாவது பூசிவிட்டுக் கிழித்தால்தான் கோடு பளிச்சென்று தெரியும். எதைப் பூசுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. எல்லாவற்றையும் முறையாகச் சோதித்து, முடிவை இந்தப் புத்தகத்தில் பதிவு செய்வேன். இதற்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜனவரி 8, செவ்வாய்

முதல் சோதனை: சாக்பீஸ். ஈரத் துணியில் தேய்த்துத் தகட்டில் பூசினேன். காய்ந்ததும் ஸ்க்ரைபர் ஊசியால் கோடு கிழித்தேன். கோடு நேராக இல்லை. சாக்பீஸில் மணல் கலக்கிறார்கள். ஊசி மணலில் இடறி விலகுகிறது.

ரிஜெக்ட்.

வசந்தா வாக்கரை வைத்துக்கொண்டு ஷெட் வரை வந்து எட்டிப் பார்த்தாள். "கோடு முடிஞ்சுதுங்களா?" என்றாள். கோடு முடிவதற்கு முன் இன்னும் ஐந்து சோதனை இருக்கிறது என்றேன். "கம்பி வர்றதுக்குள்ள எனக்கு முட்டி ஆறீரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெண்களுக்குச் செய்முறையில் பொறுமை கிடையாது.

ஜனவரி 9, புதன்

மூலைமட்டம் நழுவிவிட்டது. மேஜை சமமாக இல்லை.

ஜனவரி 10, வியாழன்

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மேஜை சமமாகத்தான் இருக்கிறது. எனவே தரை.

ஜனவரி 13, ஞாயிறு

மயில் துத்தம் என்கிற நீல உப்பு. பழைய ஆட்களின் முறை. உரக்கடையில் நூறு கிராம் கேட்டபோது, "எத்தன தென்னைக்கு மருந்துங்க?" என்றார் கடைக்காரர். தென்னை இல்லை, தகடு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

தகட்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, துத்தக் கரைசலைப் பூசினேன். ஒரு நிமிடத்தில் இரும்பு செம்பாக மாறியது. இவ்வளவு மெல்லிய, இவ்வளவு சீரான பூச்சை நான் பார்த்ததில்லை. அதன்மேல் ஊசி போட்ட கோடு வெள்ளி நூல் போல மின்னியது.

அந்த நூல் நெடுகிலும் சிறுசிறு அலைகள். பூதக்கண்ணாடியில் எண்ணினேன். நூறு மில்லிமீட்டருக்குள் முப்பத்தொன்று.

வெகு நேரம் யோசித்தபின் கண்டுபிடித்தேன். துத்தம் குறைகளைப் பெரிதுபடுத்திக் காட்டுகிறது. இப்படி மிகைப்படுத்தும் ஒரு பூச்சை நம்பி வேலை செய்ய முடியாது. ரிஜெக்ட்.

கரைசலை ஷெட்டிலிருந்து பின்பக்கம் கொண்டுபோகையில் பாதி சிந்திவிட்டது. டம்ளரின் விளிம்பு சரியில்லை.

"அய்யோ, அது காப்பி குடிக்கற டம்ளருங்களே!" என்று வசந்தா கத்தினாள். துத்தம் விஷம் என்பது உண்மைதான். டம்ளரைக் குப்பையில் போட்டாள். பிறகு தரையில் நீலமாகச் சொட்டியிருந்த வழியைப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள்.

"கை ஆடுதுங்க" என்றாள்.

"டம்ளர் ஆடுச்சு" என்றேன்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். புனேவில் இருக்கும் மகள் இந்துமதி போன் செய்தாள். நாங்கள் அனுப்பிய முறுக்குப் பார்சல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. கூரியர்காரர் முகவரியைப் படிக்க முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"எழுத்து எறும்பு மாதிரி இருந்துச்சாமாங்கப்பா. முதல் வரி பரவால்லியாம். போகப் போகச் சின்னதாயிட்டே போச்சாம்."

இடத்தை மிச்சப்படுத்துவது என் பழக்கம் என்றேன். கூரியர் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கண் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.

வசந்தா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்ப் பேசினாள். இருபது நிமிடம். பெண்கள் பொங்கல் குழைந்ததைப் பற்றிக்கூட இருபது நிமிடம் பேசுவார்கள்.

ஜனவரி 20, ஞாயிறு

நான்கைந்து நாட்களாக எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் இல்லை.

மார்க்கர் பேனா சோதித்தேன். கறுப்பு, அழியாத மை. சீக்கிரம் காய்கிறது, விலை குறைவு, கையில் ஒட்டாது. பொருளில் எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை. ஆனால் முப்பத்து நான்கு வருட அனுபவம் உள்ளவன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கும் பொருளைக் கொண்டு கோடு போடுவது பொருத்தமாக இல்லை. ரிஜெக்ட்.

இந்த வாரம் வசந்தா வாக்கரை விட்டுவிட்டாள். டாக்டர் கொடுத்த பயிற்சியை ஒரு நாளும் தவறவிடவில்லை. இப்போது மாடிப்படி ஏறுகிறாள். கம்பி இன்னமும் அவளுக்குத் தேவைதான் என்பதை அவளிடம் வலியுறுத்தினேன்.

"தேவதானுங்க" என்றாள். உடனே ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

ஜனவரி 27, ஞாயிறு

ராயப்பன் வந்திருந்தான். கம்பெனியில் லேத் ஆபரேட்டராக இருந்தவன். இப்போது கணபதிப் பகுதியில் சொந்த ஷெட், இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட். 1996-ல் அவன் கடைந்த இருநூற்றுப் பன்னிரண்டு இம்பெல்லர்களை, பம்புக்குள் சுழலும் சக்கரங்களை, ஒரே நாளில் ரிஜெக்ட் செய்தவன் நான். அளவு ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. அந்த வருடம் அவனுக்குக் கிடைக்க வேண்டிய உயர்வு கிடைக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொண்டுவருகிறான். இந்த வருடம் தாமதம். ஏன் கொண்டுவருகிறான் என்பதை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த சோதனைத் தகடுகளைப் பார்த்தான். சாக்பீஸ், துத்தம், மார்க்கர், சுண்ணாம்பு, வசந்தாவின் பழைய நகப்பூச்சு. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். நான் அவன் வேலையைப் பார்த்த அதே முறையில் பார்த்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

"பூச்செல்லாம் நல்லாத்தான் வந்திருக்குங்க சார்" என்றான்.

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லீங்க. கோடு போடறப்ப உக்காந்து போடுங்க. முழங்கைய மேஜைல ஊனிக்கங்க."

"உக்காந்து கோடு போடறவனை நான் கம்பெனியில பாத்ததில்ல."

"பன்னெண்டு ஓட்டைதானுங்க சார்? நான் ஷெட்டுல வெச்சுப் பத்து நிமிஷத்துல போட்டுத் தந்தர்றனே."

வேண்டாம் என்றேன். சரியான பூச்சு கிடைத்தால் நானே போட்டுவிடுவேன். "அப்ப பாட்டில்ல வர்ற மார்க்கிங் ப்ளூ வாங்கிக்கங்க சார். ஸ்பிரிட்ல கரைச்சது, ஊதுனாக் காஞ்சுரும்" என்றான். போகும்போது வாசலில் வசந்தாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நான் அங்கே போனதும் கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பிப்ரவரி 2, சனி

பஸ் ஏறி டவுனுக்குப் போய் ப்ளூ வாங்கி வந்தேன். கடையில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. அதைக் கையில் வாங்கிய உடனேயே கீழே விழுந்து உடைந்துவிட்டது. இந்தக் காலத்துப் பாட்டில்களின் கழுத்து வழுக்கலாக இருக்கிறது. கடைத் தரை, என் செருப்பு, பக்கத்தில் நின்றவரின் வேட்டி எல்லாம் நீலம். "பரவால்லீங்க பெரியவரே, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ஸ்டூல் போட்டார்கள். நான் தண்ணீர் கேட்கவில்லை.

அங்கே அதிக நேரம் நிற்க விருப்பமில்லை. டியூபில் இன்னொரு ப்ளூ இருந்தது. அது பேரிங் பொருத்தும்போது எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்ப்பதற்குப் பூசுவது. கோடு போட அல்ல. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நீலம் நீலம்தானே என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

டியூப் நீலத்தைக் காலை எட்டு மணிக்குத் தகட்டில் பூசினேன். பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. பன்னிரண்டு மணிக்கும் காயவில்லை. இந்த நீலம் காயவே காயாது. காயாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. எது அதைத் தொடுகிறதோ அதில் ஒட்டும்; அது எதைத் தொடுகிறதோ அதிலும் ஒட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குள் வீடு முழுக்க நீலம். ஃப்ரிட்ஜ் கைப்பிடி, பேப்பரின் நாலாம் பக்கம், தயிர்ப் பாத்திரம், டிவி ரிமோட். வசந்தாவின் நெற்றியில் ஒரு கீற்று. எப்படிப் போனது என்று அவளுக்கும் தெரியவில்லை. "வீட்ல வெள்ளையடிக்கறதுக்குப் பதிலா இத அடிச்சிருக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியோடு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

நாலு மணிக்குக் காரிடாரிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க."

போனேன். அவள் சிரிக்கவில்லை.

படுக்கையறைக் கதவிலிருந்து குளியலறை வரை, வெள்ளைச் சுவரில், ஒரே உயரத்தில், கை கையாக நீலம். ஐந்து விரலும் முழுதாக விரித்துச் சுவரை அழுத்திய கைகள். சில இடத்தில் கை இழுபட்டு நீண்டிருந்தது. குளியலறைக் கதவு நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று.

"இது என்னங்க?"

"சுவர்ல ஈரம் இருக்கான்னு பாத்தேன்."

"பதினோரு எடத்துலயா?"

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவரோரமாகவே நடந்து போனாள். ஒவ்வொரு கையின் முன்னாலும் நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்: "முட்டிய அறுத்துட்டு வந்து படுத்திருந்தப்பக் கூட நான் இந்தச் சுவத்தப் புடிக்கலீங்க."

துடைத்துவிடு என்றேன்.

"துடைக்கல. இருக்கட்டும்."

அவள் போனபிறகு நானும் எண்ணினேன். பதினொன்று என்றது தவறு. பதினான்கு.

பிப்ரவரி 4, திங்கள்

சுவர் இன்னும் துடைக்கப்படவில்லை.

பிப்ரவரி 6, புதன்

காலையில் ஷெட்டுக்குப் போனால் என் ஸ்டூலில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். முன்னால் மூன்று தகடும், என் வரைபடமும், அவளுடைய கத்தரிக்கோலும். முப்பத்தைந்து வருடமாக இந்தத் தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். தகட்டையும் துணியைப் போல நினைத்துவிட்டாள்.

"கோட்ட எதுக்குங்க இரும்பு மேல போடோணும்? காயிதத்துல போட்டு ஒட்டுனா ஆகாதா?"

முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. காகிதம் ஈரத்தில் நீளும், பசை தடிமன் கூட்டும், மையம் விலகும் என்று மூன்று காரணம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டு முடித்துவிட்டாள். சதுரம், குறுக்குக் கோடுகள், நாலு புள்ளி. ஒரே இழுப்பில் ஒரு கோடு. பசை தடவி, தகட்டின் மேல் வைத்து, ரவிக்கைத் துணியை நீவுவது போல உள்ளங்கையால் நீவினாள். பிறகு துளைக்கு முன் குழிப்புள்ளி அடிக்கும் சென்டர் பஞ்ச்சை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

புள்ளியில் முனையை வைத்தேன். முனை புள்ளியில் நிற்கவில்லை. புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பஞ்ச்சின் மீது பழி போட வாயைத் திறந்தேன். அது நானே எடுத்துத் தீட்டி வைத்தது.

"நீங்க தகட்ட அழுத்திப் புடிச்சுக்கங்க" என்றாள். "நான் அடிக்கறேன்."

பிடித்துக்கொண்டேன். அவள் சுத்தியலைத் தூக்கவில்லை.

"அடிக்கோணும்னா ஒரு கண்டிசனுங்க. திங்கக்கெழம நரம்பு டாக்டருகிட்டப் போறோம். இந்து நெட்டுல டோக்கன் போட்டுட்டா."

"இந்துவுக்கு எப்படித் தெரியும்?"

"வர்றீங்களா, இல்லையா?"

இரும்பில் பன்னிரண்டு புள்ளிக்காக ஒருவரை மிரட்டுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. வருகிறேன் என்றேன். பன்னிரண்டு அடி அடித்தாள். ஒவ்வொன்றும் ஒரே சத்தம்.

பிப்ரவரி 11, திங்கள்

ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், இந்துவின் வயதுதான் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். நடந்து திரும்பி வரச் சொன்னார். கைகளை மடியில் தளர்வாக வைத்துக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று இரண்டு வரை ஒரு பிழையின்றிச் சொல்லி முடித்தேன். டாக்டர் பாராட்டுவார் என்று நிமிர்ந்தேன். அவர் விடைகளைக் கேட்கவே இல்லை. நான் கணக்குப் போட்ட நேரம் முழுவதும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். அது தன் பாட்டுக்கு மாத்திரை உருட்டுவது போல உருட்டிக்கொண்டிருந்தது.

ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். உள்ளிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி. வரைந்தேன்.

"இத்தன வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க சார், இது எப்படி வந்திருக்கு?"

தாளைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். "ரிஜெக்ட்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். நோய்க்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயர். அதை இங்கே எழுதவில்லை, பெயர் நீளம். குணமாகாது, ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படும், பல வருடம் நன்றாகவே நடமாடலாம் என்றார். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டேன்.

"கை ஆடறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும் சார். சிலருக்கு முதல்ல வாசனைதான் போகும். உங்களுக்கு வாசனை எல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?"

தெரிகிறது என்று சொல்லப்போனேன். மூன்று வருடமாகக் கறிவேப்பிலையின் தரம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பித்தூள் கடையைக்கூட இரண்டு முறை மாற்றினேன்.

வசந்தா என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12, செவ்வாய்

பார்க்கின்சன். அவ்வளவொன்றும் நீளமில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

மாத்திரை தினமும் மூன்று வேளை. விழுங்கி முக்கால் மணி நேரம் கழித்துக் கை கொஞ்சம் அடங்குகிறது. இன்று அப்படி அடங்கிய நேரத்தில் ஷெட்டுக்குப் போய்ப் பழைய தகடொன்றில் மார்க்கர் பூசி ஒரு கோடு கிழித்தேன். நேர்கோடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை.

பிறகு வசந்தா அடித்த பன்னிரண்டு புள்ளிகளையும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். அதிகபட்ச விலகல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என் டிரில்லிங் மெஷினையும் எடுத்துக்கொள்வாள்.

துளைகளை நானே போடப்போகிறேன். இரண்டு நாளில், மாத்திரைக்குப் பிந்திய மணி நேரங்களில். அவசரமில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

ராயப்பன் ஸ்டெயின்லெஸ் குழாயோடும் வெல்டிங் செட்டோடும் வந்தான். தகடுகளைத் திருப்பிப் பார்த்தான். "யாருங்க சார் பஞ்ச் பண்ணுனது? சுத்தமா இருக்கு" என்றான். அம்மாதான் என்றேன். அவன் வசந்தாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

பற்றவைத்து முடித்து டீ குடிக்கும்போது அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ராயப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினான். அதிர்ச்சி அடைந்தவன் போலத் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்குங்க சார். கேக்க வெட்டிக் குடுத்தீங்க. கத்தி தட்டுல டக்கு டக்குன்னு தட்டிட்டே இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"சார், நீங்க யாரு, நான் யாரு. உங்களுக்குத் தெரியாத ஒரு கொறைய நான் போய்ச் சொல்றதுங்களா?" இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் தொண்ணூற்றாறைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் அன்னிக்கே போச்சுங்க சார்" என்று எழுந்துவிட்டான்.

அடுத்து உயரப் பிரச்சினை. கம்பியின் உயரத்தை வசந்தாவின் இடுப்பை அளந்து எண்ணூற்றைம்பது மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் போட்டிருந்தேன். டேப்பை வைத்துச் சுவரில் பென்சில் குறி போடப்போனேன்.

"அந்த ஒசரம் வேண்டாங்க" என்றாள் வசந்தா.

"உன் ஒசரத்துக்குத்தான் கணக்குப் போட்டேன்."

"எனக்கு எதுக்குங்க? நான் ஓடறேன் பாருங்க" என்று காரிடாரில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒருமுறை விறுவிறுவென்று நடந்து காட்டினாள். பிறகு சுவரில் இருந்த நீலக் கைகளைக் காட்டினாள். "எங்க புடிக்கோணும்னு நீங்களே குறி போட்டு வெச்சிருக்கீங்களே. அதுக்கு மேல எதுக்கு டேப்பு?"

ராயப்பன் என்னைப் பார்த்தான். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். முதல் துளை மூன்றாவது கையின் நடுவிலும், கடைசித் துளை குளியலறை நிலைக்குப் பக்கத்திலும் விழுந்தது. டிரில் சுற்றும்போது நீலமும் சுண்ணாம்பும் சேர்ந்து தூளாகக் கொட்டியது.

ஆறு சோதனை, ஏழு வாரம். கடைசியில் எந்தப் பூச்சு சரி என்று என் பதிவேட்டில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

கம்பியை இன்று சோதித்தேன். ஐந்து முறை. நல்ல கம்பி.

மார்ச் 3, ஞாயிறு

இந்துவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே என்று வசந்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று வீடியோ காலில் கூப்பிட்டேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அறிக்கை வாசிப்பது போலத்தான் இருந்தது. வேறு மாதிரி எனக்குப் பேச வராது.

இந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "தெரியுங்கப்பா" என்றாள். "பொங்கலன்னிக்கே அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் அந்தச் சுவத்து போட்டோவ அனுப்புனாங்க. நான்தானே டோக்கன் போட்டேன்."

ஆக ராயப்பனுக்குத் தெரியும். இந்துவுக்குத் தெரியும். டவுன் கடையில் ஸ்டூல் போட்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் யார் கண்ணிலும் படாத குறையைக் கண்டுபிடித்தவன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

"அப்பா," என்றாள் இந்து. "பயமா இருக்குங்களா?"

தரை சமமில்லை, டம்ளர் விளிம்பு சரியில்லை என்று சொல்லிப் பழகிய வாய். எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இருக்கு கண்ணு" என்றேன்.

அவள் அப்போதுதான் அழுதாள். அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன் என்றாள். வா என்றேன்.

போனை வைத்தபிறகு திரும்பினால் சமையலறை வாசலில் வசந்தா, கையில் கரண்டியோடு. எவ்வளவு நேரம் நின்றிருந்தாள் என்று தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துங்க பயம்?" என்றாள்.

யோசித்தேன். பொய் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. "துத்தத்துல கோடு போட்டனல்ல, அன்னிக்கிருந்து."

அவள் தலையாட்டினாள். கரண்டியை மடியில் வைத்துவிட்டு, "எனக்குப் போன ஆடில இருந்துங்க" என்றாள்.